செத்த காலேஜின் வாத்தியார்கள்

பழைய சென்னைவாசிகளின் பேச்சில் இரண்டு ‘காலேஜ்’கள் உண்டு. விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. எழும்பூர் அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் எலும்புக்கூடுகளும் கற்சிலைகளும் நிறைந்த ஓரிடத்திற்கு எளிய மக்கள் வைத்த இப்பெயரில் கேலியும் உண்டு, மரியாதையும் உண்டு. 1851இல் தொடங்கப்பெற்றபோது அந்த அருங்காட்சியகம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில்தான் இருந்தது. எழும்பூர் பாந்தியன் வளாகத்திற்கு இடம்பெயர்ந்தது அதன் பிறகுதான். ‘காலேஜ்’ என்ற சொல் அவ்வழியே ஒட்டிக்கொண்டதோ, கண்ணால் பார்த்துக் கற்கும் இடமும் கல்லூரிதான் என்று மக்கள் தாமாகவே கருதினார்களோ, எப்படியாயினும் ஓர் உண்மையை அப்பெயர் சொல்லிவிடுகிறது. அருங்காட்சியகம் என்பது பழம்பொருள்களின் கிடங்கு அன்று, கற்கும் இடம். கல்லூரி என்றால் அங்கே ஆசிரியர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஆசிரியர் யார், அவர் எப்படி இருக்கிறார் என்று நாம் கேட்டதுண்டா?

நாங்கள் கேட்டதில்லை. கேட்க நேர்ந்ததும் தற்செயலாகத்தான். சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் பதினைந்து பேர் ஓர் அருங்காட்சியகத்திற்குச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த பெண்மணிக்கு முப்பது வயது இருக்கலாம். நடுகற்களின் முன்னே நின்று, ஆநிரை மீட்கப் போய் மாண்டவனையும், அவனுக்குக் கல் நாட்டிய ஊரையும், அந்தக் கல்லில் எழுத்து வெட்டியவனையும் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். எங்களில் இருவர் தம் வாசிப்பைக் காட்டிக்கொள்வதற்காகவே கேட்ட கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். நெகிழ்ந்துபோனோம். வருகையேட்டில், ‘தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி’ என்று எழுதிக் கையெழுத்தும் இட்டோம்.

திரும்பும் வழியில் குடிநீர்க் குழாயருகே அவரை மீண்டும் பார்த்தோம். சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். தொண்டை கம்மிப் போயிருந்தது. நாங்கள் அன்றைக்கு ஐந்தாவது குழு. காலையில் மட்டும் மூன்று பள்ளிகள் வந்து போயிருக்கின்றன. அந்தக் கூடத்தில் காவலருக்கு நாற்காலி உண்டு, அவருக்கு இல்லை. ஊதியம் நாள் கணக்கில்; வாரவிடுமுறைக்கோ காய்ச்சலுக்கோ ஒன்றும் கிடையாது. புதிய கூடம் திறக்கும்போதெல்லாம் அதைப் பற்றிப் படித்துத் தயாராவது அவருடைய சொந்த நேரத்தில். “பேசிக்கிட்டே இருக்கேன் சார், ஆனா நான் பேசுறது எனக்கே கேக்கிறதில்லை. வீட்டுக்குப் போனா எம் பொண்ணு ஏதாவது கேட்டாக்கூட பதில் சொல்ல மனசு வர்றதில்லை” என்றார். அடுத்த மாதத்தோடு வேலையை விட்டுவிடப் போவதாகவும் சொன்னார். வருகையேட்டில் நாங்கள் எழுதியிருந்த வரி அப்போது எங்களைத் தலைகுனிய வைத்தது. மெழுகுவர்த்தி உருகுவதை ஒரு சிறப்பாக எழுதிவிட்டு வந்திருந்தோம். அது உருகித் தீரும் பொருள் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

இந்தப் பணியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு முரண் கண்ணில் பட்டது. பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்தவர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். பார்வையாளர்களோடு கூடவே சென்று படைப்புகளை விளக்கும் பணியொன்றை 1907இல் அங்கே ஏற்படுத்தி, அப்பணியைச் செய்வோருக்கு ‘டோசன்ட்’ என்று பெயர் கொடுத்தவர் அவர். கற்பித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதே கில்மன் 1916இல் ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதரைக் காட்சிப்பேழைகளின் முன்னே நிறுத்தி, ஒவ்வொரு பொருளையும் பார்ப்பதற்கு அவர் எப்படிக் குனிகிறார், எப்படிக் குந்துகிறார், கழுத்தை எப்படி வளைக்கிறார் என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்துக் காட்டியிருந்தார். பார்வையாளர் களைத்துப் போவது அவருடைய ஆர்வக்குறைவால் அன்று, பேழைகளின் அமைப்பால் என்பது கில்மனின் வாதம். பார்ப்பவனைக் குறை சொல்லாமல் பேழையைக் குறை சொன்ன அந்த நேர்மைக்காகவே அவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்வையாளரின் களைப்பு அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது. அதன் பயனாகப் பேழைகள் கண்மட்டத்திற்கு வந்தன. விவரப் பலகைகளின் எழுத்து பெரிதாயிற்று. கூடங்களின் நடுவே பெஞ்சுகள் இடம்பெற்றன. ஆனால் அதே கூடத்தில், அதே பேழையின் முன்னே, நாளுக்கு ஐந்து முறை நின்று பேசுகிறவரின் களைப்பை அதே கண்கொண்டு பார்த்த நிறுவனங்கள் எத்தனை? அவர் சோர்ந்தால் மட்டும் குறை அமைப்பில் இல்லை, அவரிடம்தான் இருக்கிறது என்று கருதிவிடுகிறோம். ஆர்வம் போதவில்லை, பக்குவம் போதவில்லை, இந்தத் துறைக்கு அவர் ஏற்றவர் அல்லர் என்கிறோம். கில்மன் பேழைக்குச் சொன்னதை நாம் பணிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணியால் ஒருவர் உள்ளுக்குள் எரிந்து தீர்ந்துபோவதை ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். தமிழில் ‘பணிச்சோர்வு’ என்று எழுதுகிறோம். ஒரு நாள் உறங்கி எழுந்தால் தீரும் சோர்வு அன்று இது. எண்ணெய் வற்றிய பின்னும் எரியும் விளக்கில் திரி கருகுவதைப் போன்றது. இச்சொல்லை உளவியல் ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணியாற்றியபோது, தம்மிடமும் உடன் பணியாற்றியவர்களிடமும் கண்டவற்றை வைத்து 1974இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் கண்ட சோர்வு, சம்பளத்திற்காக மட்டும் வேலை பார்த்தவர்களிடம் தோன்றியது அன்று, ஒரு நோக்கத்தை நம்பி, தம்மை மறந்து உழைத்தவர்களிடம் தோன்றியது. பற்று மிகுந்தவர்களையே இது முதலில் பிடிக்கிறது.

பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இதை அளந்து பார்க்கும் முறையை வகுத்தார். உள்ளம் வறண்டுபோதல், எதிரே நிற்கும் மனிதர்களை மனிதர்களாகக் காண இயலாமற்போதல், தாம் செய்வதில் பயனேதும் இல்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாக அவர் காட்டினார். குழாயடியில் அந்தப் பெண்மணி சொன்னதில் இவற்றின் சாயல் இருந்தது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் 1997இல் எழுதிய நூலில் இதற்கான காரணங்களைத் தனிமனிதரின் மனவலிமையில் தேடவில்லை. வேலைப்பளு, வேலையின்மீது தமக்குள்ள அதிகாரம், கிடைக்கும் ஊதியமும் மதிப்பும், உடன் பணியாற்றுவோரின் உறவு, நேர்மையான நடத்தை, விழுமியங்கள் என ஆறு இடங்களில் தேடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. பணி சார்ந்த நிகழ்வாகவே குறித்தது. நோய் என்றால் மருந்து நோயாளிக்கு. பணி சார்ந்தது என்றால் மருந்து பணியிடத்திற்கு.

அருங்காட்சியக ஆசிரியரின் வேலையில் கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் எழுதிய நூல் அதற்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயரிட்டது. தமக்குத் தோன்றாத உணர்ச்சியை முகத்தில் வரவழைத்துக்கொள்வதும், தோன்றிய உணர்ச்சியை அடக்கிக்கொள்வதுமே ஊதியத்திற்குரிய வேலையின் பகுதியாகிவிடுகின்றன. ஐந்தாவது குழுவும் நடுகல்லை முதன்முறையாகப் பார்க்கிறது. ஆகவே அவரும் முதன்முறை சொல்வதுபோல வியந்து சொல்ல வேண்டும். நடிகருக்கும் இதே நிலைதான் என்று கூறலாம். ஆனால் நடிகருக்கு ஒரு நாளில் ஐந்து காட்சிகள் இருப்பதில்லை. பார்வையாளர் மேடையேறி அவரை மடக்குவதும் இல்லை.

சொல்லப்படும் பொருள் துயரமானதாக இருந்துவிட்டால் இந்தச் சுமை பன்மடங்காகிறது. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை 1997 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. நெல்சன் மண்டேலா தமது 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம் அது. அச்சிறையைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் பணியை அங்கே கைதிகளாக இருந்தவர்களே செய்து வந்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த வழிகாட்டியும் தரமுடியாத உண்மை அவர்கள் பேச்சில் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாம் அடைபட்டுக் கிடந்த அறையின் வாசலில் நின்று, தம் வாழ்வின் மிகக் கொடிய நாட்களைப் படகுப் பயணிகளுக்கு நாள்தோறும் எடுத்துச் சொல்வது எத்தகைய வேலை என்று சற்றே எண்ணிப் பாருங்கள். சாட்சி சொல்வது ஒரு முறை என்றால் அது விடுதலை. நாள்தோறும் நேரக்கணக்குப்படி சொல்வதென்றால், அதைத் தாங்குவதற்குரிய ஏற்பாடுகளையும் நிறுவனமே செய்துதர வேண்டும். ஈழப்போரின் நினைவுகளுக்கோ, கீழ்வெண்மணியின் நினைவுக்கோ நாளை ஒரு முழுமையான அருங்காட்சியகம் எழுப்ப விரும்புவோர் கட்டட வரைபடத்தோடு இதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும் என்பது எங்கள் விண்ணப்பம்.

வளம் மிகுந்த நாடுகளில் இதெல்லாம் சரியாக நடக்கிறது என்று எண்ணிவிடவேண்டாம். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் விரிவுரையாளர்களாகவும் கல்வியாளர்களாகவும் இருந்த 27 பேர் 2017இல் பணியிழந்தனர். அவர்களிற் சிலர் பல்லாண்டுகள் அங்கே பணியாற்றியவர்கள். ஆயினும் நிறுவனத்தின் பார்வையில் அவர்கள் ஊழியர்கள் அல்லர். தற்சார்பாகத் தொழில் செய்பவர்கள். எனவே விடுப்பூதியம் முதலிய உரிமைகள் இல்லை. வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் தொழில் தீர்ப்பாயம் அவர்களைச் சட்டப்படி பணியாளர்களாக ஏற்றது. ஆனால் முழுமையான ஊழியர் என்ற நிலையை வழங்கவில்லை. அடுத்த ஆண்டு, 2020இல், கொரோனாவினால் கதவடைத்திருந்த நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் ஒப்பந்தக் கல்வியாளர்களின் ஒப்பந்தங்களை மின்னஞ்சல் வழியாக முடித்துக்கொண்டது. ஓவியங்கள் சுவரில் பத்திரமாக இருந்தன. அவற்றைப் பற்றிப் பேசியவர்களே முதலில் வெளியே அனுப்பப்பட்டார்கள். நெருக்கடி வரும்போது ஒரு நிறுவனம் எதை முதலில் கைவிடுகிறது என்பதிலிருந்து, அது எதைத் தன் உறுப்பாகக் கருதவில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிகாகோ கலை நிறுவனம் 60 ஆண்டுகளாக நடத்திவந்த தன்னார்வ வழிகாட்டிகளின் திட்டத்தை 2021இல் முடித்துக்கொண்டு, ஊதியம் பெறும் கல்வியாளர்களை நோக்கித் திரும்பியது. ஊதியமின்றி வந்து உழைத்த அந்த முதியவர்கள் மனம் புண்பட்டார்கள். பெரும் சர்ச்சையும் எழுந்தது. அவர்கள் பக்கத்து நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. அன்பினால் செய்யும் பணிக்கு ஈடு இல்லை. ஆனால் அன்பினால் செய்ய வசதியுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதனாலேயே, அதையே பிழைப்பாகக் கொண்டவருக்கும் அன்பையே கூலியாகத் தரலாம் என்ற முடிவுக்கு நிறுவனங்கள் வந்துவிடுகின்றன. நூலகர்களைப் பற்றி ஃபொபாசி எட்டார் 2018இல் எழுதிய கட்டுரை இம்மனநிலையைத் துல்லியமாகப் பிடித்துக் காட்டியது. ஒரு பணியைப் புனிதமானது என்று உயர்த்திவிட்டால், அதில் கூலி கேட்பதும் ஓய்வு கேட்பதும் தீட்டுப் பட்டதுபோல் ஆகிவிடும் என்பது அதன் சாரம்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிதன்று. ஆசிரியரை ஏணி என்போம், தோணி என்போம், மெழுகுவர்த்தி என்போம். மூன்றும் தாம் எங்கும் போகாமல் பிறரைக் கொண்டுசேர்க்கும் பொருள்கள். நன்னூலார் நல்லாசிரியனுக்குச் சொன்ன உவமைகளில் நிலமும் ஒன்று. தோண்டினாலும் தாங்கும் பொறுமையைத்தான் நாம் அதில் வழக்கமாக வாசிக்கிறோம். ஆனால் நிலத்தைப் பற்றி உழவர்க்கு இன்னொன்றும் தெரியும். ஓயாமல் விதைத்த நிலம் சத்திழந்து போகும். அதைச் சில காலம் தரிசாகப் போட்டுவைக்க வேண்டும். ஆசிரியனை நிலம் என்று சொன்ன மரபு தரிசு என்னும் அறிவையும் சேர்த்தே ஏற்றிருக்க வேண்டும்.

“வெயிலில் கல்லுடைப்பவர் இருக்கும் நாட்டில், மின்விசிறிக்கடியில் பேசுபவருக்கு என்ன சோர்வு?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லுடைப்பவரின் துன்பம் பெரிது, அவருக்காகவும் எழுதவேண்டும். ஆனால் ஒருவருடைய துன்பத்தை எடுத்து மற்றொருவரின் வாயை அடைப்பதால் இருவரில் எவருக்கும் நன்மையில்லை. இன்னொரு நண்பர், “ஏற்கெனவே பணமில்லாத அருங்காட்சியகங்களிடம் இதையெல்லாம் கேட்டால், இருக்கும் ஒருவரையும் எடுத்துவிடுவார்கள்” என்றார். இந்த அச்சம் உண்மையானது. ஆனால் நாங்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி பணம் கோருபவை அல்ல. கொஞ்சம் கவனத்தைக் கோருபவை.

முதலாவது, ஒரு நாளில் ஒருவர் அழைத்துச் செல்லும் குழுக்களுக்கு ஓர் உச்சவரம்பு. ஒன்றரை மணி நேரச் சுற்று என்றால் நாளுக்கு மூன்றுக்கு மேல் கூடாது என்பது எங்கள் கருத்து. இரண்டு குழுக்களுக்கிடையே அரைமணி நேர இடைவெளி வேண்டும். அதுவும் பணிநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். ஒரு குழுவில் நூறு மாணவர்களை நிறுத்திக் கத்தவிடாமல், இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டால் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு மடக்கு நாற்காலி, குடிநீர், சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறு ஒலிவாங்கி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு திறப்பு விழாவின் பொன்னாடைச் செலவைத் தாண்டாது.

இரண்டாவது, படிப்பதற்கும் தயாராவதற்கும் ஆகும் நேரத்தை வேலையாக ஏற்பது. வாரத்தில் ஒரு நாளாவது பேசாமல் படிக்கவும், காப்பாட்சியர்களோடு கலந்து உரையாடவும் இடம் வேண்டும். புதிய கூடம் அமைக்கும்போது அதில் என்ன வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று இவர்களையும் கேட்க வேண்டும். எந்தப் பேழையின் முன்னே குழந்தைகள் நிற்கிறார்கள், எதைக் கடந்து ஓடுகிறார்கள் என்பது அந்நிறுவனத்தில் வேறெவரையும்விட இவர்களுக்குத்தான் தெரியும். தம் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்ற உணர்வே சோர்வைப் பாதியாகக் குறைத்துவிடும் என்று நம்புகிறோம்.

மூன்றாவது, நிலையான பணிப்பெயரும் மாத ஊதியமும் விடுப்பும். நம் நாட்டு அருங்காட்சியகங்கள் பலவற்றில் ‘வழிகாட்டி விரிவுரையாளர்’ என்றொரு பதவி ஏட்டில் உண்டு. அதை உரிய எண்ணிக்கையில் நிரப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். இதைச் செய்யாமல், ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பும் ‘சிறந்த பணியாளர்’ சான்றிதழும் தருவது, பேழையை மாற்றாமல் பார்வையாளரைக் குனியப் பழக்குவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, துயரமான வரலாற்றைச் சொல்லும் கூடங்களில் ஒருவரையே ஆண்டு முழுவதும் நிறுத்தாமல் சுழற்சி முறையில் மாற்றுவது. நாள் முடிவில் உடன் பணியாற்றுவோர் கூடியமர்ந்து, அன்று நடந்ததைப் பேசிக்கொள்ள ஒரு கால்மணி நேரம் ஒதுக்குவது. தவறாக நடந்துகொள்ளும் பார்வையாளரிடம் ‘இனித் தொடரமாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு உரிமை தருவதும், அவ்வாறு சொன்னால் நிர்வாகம் அவர் பக்கம் நிற்பதும் இதனோடு சேர்ந்தவை.

பார்வையாளர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவதும், சொன்ன நேரத்திற்குப் போவதும் எளிய காரியங்கள். மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள் அவர்களை ஒப்படைத்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடாமல் கூடவே நிற்கலாம். இலக்கிய வாசகர்கள், தாம் படித்ததை வழிகாட்டியிடம் ஒப்பிக்கும் ஆசையைச் சற்றே அடக்கிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வேண்டுகோள் எங்களுக்கு நாங்களே விடுத்துக்கொள்வது.

ஒருவர் பல்லாண்டுகள் ஒரே கூடத்தில் நின்று பேசும்போது அவரிடம் சேரும் அறிவு எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. எந்தக் குழந்தை எந்த இடத்தில் கண் விரிக்கும், எந்தச் சொல்லைச் சொன்னால் கல்லுக்கு உயிர் வரும் என்பதெல்லாம் அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. சிலை திருடுபோனால் செய்தியாகிறது, வழக்காகிறது. இந்த இழப்புக்கு ஒரு வரிச் செய்திகூட வருவதில்லை.

அந்தப் பெண்மணி சொன்னபடியே வேலையை விட்டுவிட்டார் என்று பின்னர் அறிந்தோம். அவருடைய இடத்தில் இப்போது வேறொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் அங்கே மீண்டும் செல்வதாக இருக்கிறோம். இம்முறை வருகையேட்டில் உவமை எதுவும் எழுதப்போவதில்லை. விளக்கம் சொல்பவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்று எழுதி, பதினைந்து பேரும் கையெழுத்திடப் போகிறோம். நீங்கள் அடுத்து எந்த அருங்காட்சியகத்திற்குச் சென்றாலும், அதையே எழுதிவிட்டு வாருங்கள்.